ஜனவரிச் சென்னையில் முழு மாரத்தான்: பேஸை எப்படிப் பங்கிடுவது

நான்கரை மணி நேர இலக்கோடு வந்தவர் முதல் 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அவருக்கே கடைசி 10 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்போது, பயிற்சி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். பல சமயம் பயிற்சியில் குறை இருக்காது. கையில் இருந்த பலத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே செலவழித்துவிட்டிருப்பார்.

இங்கே சொல்வது ஜனவரிச் சென்னையை மனதில் வைத்து: விடியலுக்கு முன் 4 மணித் தொடக்கம், ஏறக்குறைய தட்டையான சாலை, தொடங்கும்போது 22, 23 டிகிரி, காற்றில் நல்ல ஈரப்பதம். பேஸ் என்பது ஒரு கிலோமீட்டரை ஓட ஆகும் நேரம்; 6:24 என்றால் 6 நிமிடம் 24 விநாடி. கணக்குக்கு 4:30 இலக்கை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் இலக்கு வேறு என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

இலக்கு நிஜமானதா?

பேஸ் திட்டம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இலக்கே தவறு என்றால் உதவாது. கடைசி இரண்டு மாதத்துக்குள் முழு மூச்சாக ஓடிய ஓர் அரை மாரத்தான் நேரம் வேண்டும். ஓட்ட நேரத்தைக் கணிக்க அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் தந்த சூத்திரப்படி தூரம் இரட்டிப்பானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். அதாவது 2:00 அரை மாரத்தான் ஓடியவருக்கு முழு மாரத்தான் 4:10. ஆனால் இந்தக் கணக்கு, தூரத்துக்குத் தேவையான பயிற்சி முழுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்வது. வாரத்துக்கு 40 கி.மீ.க்குள் ஓடுபவர்கள், பயிற்சியில் 30 கி.மீ. லாங் ரன்னை (நீண்ட ஓட்டத்தை) ஒரு தடவைக்கு மேல் தொடாதவர்கள், அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்து 20 முதல் 25 நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கில் 4:30 ஓட வேண்டுமானால் அரை மாரத்தான் 2:03, 2:05க்குள் வந்திருக்க வேண்டும். 2:12 ஓடியவர் 4:30க்குப் போவது ஆசை. போகலாம், ஆனால் 32 கி.மீ.யில் அதற்கான விலையைக் கொடுப்பார்.

வானிலைக் கணக்கையும் ஒரே ஒரு தடவைதான் சேர்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலேயே ஓடிப் பழகியவரின் பயிற்சி பேஸில் புழுக்கம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மறுபடி கழிக்க வேண்டாம். பெங்களூரில் பயிற்சி எடுத்துவிட்டு வருபவர் நிலைமை வேறு. அங்கே ஓடிய இலக்கு பேஸோடு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 விநாடியாவது கூட்டித்தான் இங்கே தொடங்க வேண்டும். உடம்பு இந்தப் புழுக்கத்துக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் தேவை. முதல் நாள் ராத்திரி ரயிலில் வந்திறங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பின்பாதி வேகமா, முன்பாதி வேகமா?

‘பின்பாதியை வேகமாக ஓடு’ என்பதுதான் எங்கும் கிடைக்கும் அறிவுரை. 2023 சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35இல் உலக சாதனை படைத்தபோது முன்பாதி 60:48, பின்பாதி 59:47. 2022 பெர்லினில் எலியுட் கிப்சோகே 2:01:09 ஓடியபோது முன்பாதி 59:51, பின்பாதி 61:18. ஒருவர் பின்பாதியில் வேகம், இன்னொருவர் முன்பாதியில் வேகம். ஆனால் இருவருக்கும் இரண்டு பாதிக்கு இடையே வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்குள்தான். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அவர்கள் ஓடியது குளிர்ந்த ஊர்களில், முடித்தது இரண்டு மணி நேரத்தில். 4 மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்கும் ஒருவருக்கு, ஜனவரியில் சுமார் ஆறரை மணிக்கு, அதாவது 24ஆவது கிலோமீட்டர் வாக்கில், சூரியன் வந்துவிடும். ஏழரைக்கு மேல் தார்ச்சாலையே சுட ஆரம்பிக்கும். இந்த நிலையில் பின்பாதியை வேகமாக ஓடத் திட்டமிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. கடைசிவரை உழைப்பைச் சமமாக வைத்து, பின்பாதி ஒன்று முதல் மூன்று நிமிடம் கூடுதலாக வந்தால் போதும் என்று ஓடுவதே இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும்.

முன்பாதியில் ஐந்து நிமிடம் ‘சேர்த்துவைக்கலாம்’ என்று பார்ப்பது ஏன் பலிப்பதில்லை? காரணம் இரண்டு. முதலாவது எரிபொருள். ஓட்டத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 65 கிலோ ஆளுக்கு மாரத்தானுக்கு 2,700 கலோரிக்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனின் இருப்பு சுமார் 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பும் வழியில் சாப்பிடுவதும் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனை அதிகம் எடுக்கும். இரண்டாவது சூடு. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. ஆவியானால்தான் உடம்பு குளிரும். முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிட்ட உடல் வெப்பம், வேகத்தைக் குறைத்த பிறகும் சட்டென்று இறங்காது.

4:30க்கான கணக்கு

42.195 கி.மீ.யை 4:30இல் முடிக்க சராசரி 6:24. அதை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 3 கி.மீ.: 6:35
3 முதல் 21.1 கி.மீ. வரை: 6:20
21.1 முதல் 32 கி.மீ. வரை: 6:22
32 முதல் கடைசிவரை: 6:28

கடிகாரத்தில் வர வேண்டிய மொத்த நேரம்:

5 கி.மீ. – 32:25
10 – 1:04:05
15 – 1:35:45
20 – 2:07:25
பாதி – 2:14:22
25 – 2:39:13
30 – 3:11:03
35 – 3:43:11
40 – 4:15:31
முடிவு – 4:29:43

இதில் 10, பாதி, 30, 35, 40 என்ற ஐந்து நேரங்களை மட்டும் கையில் வைத்திருங்கள். 30 கி.மீ.க்கு மேல் கூட்டல் கழித்தல் மூளைக்குள் நடக்காது. உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் பத்தாவது கிலோமீட்டருக்குள் வியர்வையில் கரைந்துவிடும். பிப்பை (மார்பில் குத்தும் எண் அட்டையை) தலைகீழாகத் திருப்பி, கீழ் ஓரத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மேலே செலோ டேப் ஒட்டிவிடுங்கள். குனிந்தால் நேராகப் படிக்கலாம்.

தண்ணீர் மேசைகளுக்கான நேரமும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 16 மேசையில் தலா 10 விநாடி போனால் 2 நிமிடம் 40 விநாடி. கிலோமீட்டருக்கு 4 விநாடி. ஆகவே சராசரி 6:20 வர வேண்டிய இடத்தில், ஓடும்போது வாட்ச் 6:16 காட்ட வேண்டும்.

வாட்ச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

முறையாக அளக்கப்பட்ட பாதையில், வளைவுகளின் உள் ஓரத்தை ஒட்டிய மிகக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள். அந்தக் கோட்டிலேயே யாராலும் ஓட முடியாது. வளைவில் அகலமாகத் திரும்புவீர்கள், ஆட்களைச் சுற்றிப் போவீர்கள், ஜி.பி.எஸ்.சும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். முடிவுக் கோட்டில் வாட்ச் 42.6 காட்டுவது சகஜம். 42.6 கி.மீ.யை 4:30இல் முடிக்க வாட்சின் சராசரி 6:20 இருந்தாக வேண்டும். வாட்சில் 6:24ஐப் பார்த்தபடி நிம்மதியாக ஓடியவர் கோட்டைத் தாண்டும்போது 4:32க்கு மேல் ஆகியிருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாட்சே பிரித்துக் காட்டும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் லேப் பட்டனை நீங்களே அழுத்துங்கள். திரையில் மொத்த நேரம், லேப் பேஸ், இதயத் துடிப்பு என்ற மூன்று மட்டும் போதும். அந்த நொடியின் பேஸ் என்று ஓர் எண் வரும், அதைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மேம்பாலத்தின் அடியிலும் மரநிழலிலும் அது 5:40க்கும் 7:10க்கும் இடையே துள்ளும். அதைத் துரத்தி ஓடினால் கால்தான் வீணாகும். சில சமயம் பலகையையே தப்பான இடத்தில் வைத்திருப்பார்கள். ஒரு கிலோமீட்டர் 5:50 என்றும் அடுத்தது 6:50 என்றும் வந்தால் பதறாமல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

முதல் 3 கிலோமீட்டர்

தொடக்கக் கோட்டில் உங்கள் இலக்குக்கு ஏற்ற இடத்தில் நில்லுங்கள். நேரம் கணக்கிடுவது, நீங்கள் கோட்டைத் தாண்டும் நொடியைப் பதிவுசெய்யும் சிப்பை வைத்து என்றால், முன்னால் போய் நிற்பதால் ஒரு பைசா லாபமில்லை. பின்னால் இருப்பவர்கள் இடித்துத் தள்ளி உங்களையும் தங்கள் வேகத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

இரண்டு, மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்த கால், இருட்டு, கூட்டம், ஸ்பீக்கர் சத்தம் எல்லாம் சேர்ந்து 5:50 பேஸை 6:35 போலக் காட்டும். ஆகவே இந்த ஓர் இடத்தில் மட்டும் உணர்வை நம்பாமல் வாட்சை நம்புங்கள். 6:35 என்பது எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாகத் தெரிய வேண்டும். எல்லோரும் தாண்டிப் போவார்கள், போகட்டும். இடம் கிடைத்ததும் இடதும் வலதுமாக நுழைந்து நுழைந்து முன்னேறுவதில் தூரமும் கூடும், கணுக்காலும் பிசகும். 3 கி.மீ.யில் கூட்டம் தானாகவே கலையும்.

5ஆவது கிலோமீட்டரில் ஒரு சோதனை: பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், வாட்ச் என்ன காட்டினாலும் வேகம் அதிகம். பயிற்சியில் இதே பேஸில் வந்த இதயத் துடிப்பைவிட 8, 10 கூடுதலாக இருந்தாலும் அதே அர்த்தம். கிலோமீட்டருக்கு 10 விநாடி மெதுவாக்கி இன்றைய இலக்கை 4:37 ஆக்கிக்கொள்ளுங்கள். இந்த முடிவை 5ஆவது கி.மீ.யில் எடுத்தால் 7 நிமிடம்தான் போகும். 33ஆவது கி.மீ.யில் உடம்பே எடுத்துவிட்டால் அரை மணி நேரம் போகும்.

நடுப்பகுதி

8இலிருந்து 24 வரை வேலை ஒன்றும் இல்லை, அதுதான் ஆபத்து. கால் இலகுவாக இருக்கும், கடற்காற்று வரும், ஒரு கிலோமீட்டர் 6:08 வந்துவிடும். அடுத்ததை 6:32 ஓடிச் சமன் செய்ய வேண்டாம், 6:20க்குத் திரும்பினால் போதும். வழியில் கழிவறைக்குப் போய் 90 விநாடி இழந்தாலும் இதே மனநிலைதான். அடுத்த 15 கி.மீ.யில் கிலோமீட்டருக்கு 6 விநாடியாக மீட்கலாம். இரண்டே கிலோமீட்டரில் மீட்கப் பார்த்தால் திட்டம் கெடும்.

மேம்பாலம், ஆற்றுப்பாலம் ஏறும்போது மூச்சின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பேஸை 10, 15 விநாடி விட்டுக்கொடுங்கள். இறக்கத்தில் பாதிதான் திரும்பக் கிடைக்கும். மீதியையும் பிடிக்கிறேன் என்று தடதடவென்று இறங்கினால் தொடையின் முன்தசை அடிவாங்கும், அது 35இல் தெரியும். சென்னையில் இது சின்ன விஷயம். மும்பை மாரத்தானில் திரும்பும் வழியில், கால் களைத்த பிறகு பெடர் ரோடு ஏற்றம் வருகிறது. அங்கே இதே திட்டத்தோடு போனால் போதாது, 30க்கு மேல் இன்னும் நாலைந்து விநாடி ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) சாப்பிடுவதும் பேஸின் ஒரு பகுதிதான். முதல் ஜெல் 45ஆவது நிமிடத்தில், பிறகு 35 நிமிடத்துக்கு ஒன்று. 4:30க்கு ஏழு ஜெல் ஆகும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் இரண்டு கிலோமீட்டர் போய்விடும். தண்ணீர் மேசைக்கு 100 மீட்டர் முன்பே ஜெல்லைப் பிரித்து முடித்துவிட்டு, மேசையில் வெறும் தண்ணீர் குடியுங்கள். எனர்ஜி டிரிங்கோடு ஜெல் சேர்ந்தால் சர்க்கரை அடர்த்தியாகி வயிற்றைப் புரட்டும். கடலை மிட்டாய் ஓட்டத்துக்கு முன்னால் சரி, ஓடும்போது வறண்ட வாயில் அரைத்து முடிப்பதற்குள் மூச்சு தப்பும். பேரீச்சம்பழம் பரவாயில்லை, கொட்டை எடுத்துக் கொண்டுபோங்கள்.

மேசையில் முதல் தன்னார்வலரிடம் பாய வேண்டாம், கடைசி மேசையில் கூட்டம் குறைவு. பேப்பர் கப்பின் விளிம்பை இரண்டு விரலால் நசுக்கி மூக்குப் போல ஆக்கினால் ஓடியபடியே குடிக்கலாம், மூக்கில் ஏறாது. ஒவ்வொரு மேசையிலும் வயிறு நிறையக் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது மெதுவாக ஓடுபவர்களுக்கே அதிகம் வருகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு அது இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், ஒரு மேசை விட்டு ஒரு மேசையில் உப்புள்ள பானம் எடுங்கள். மீதித் தண்ணீர் தலைக்கும் கழுத்துக்கும், ஷூவுக்குள் போகாமல்.

வெயில் வந்த பிறகு

24க்கு மேல் வாட்சை விட்டுவிட்டு உடம்பைக் கேட்கும் நேரம். பேஸ் மாறாமலே இதயத் துடிப்பு 10 வரை ஏறும், அது இயல்பு. ஏற ஏறப் பேஸை இரண்டு, மூன்று விநாடியாக விட்டுக்கொடுங்கள். நிழல் இருக்கும் பக்கம் ஓடுங்கள், இரண்டு மீட்டர் தூரம் கூடினாலும் சரி.

32இல் ஒரு தீர்மானம் எடுக்கலாம். நேரம் 3:23, 3:24க்குள் இருந்து, மூச்சும் கட்டுப்பாட்டில் இருந்தால், 6:28ஐ விடாமல் பிடித்துக்கொண்டே போங்கள். 3:30 ஆகிவிட்டது என்றால் 4:30ஐ அங்கேயே விட்டுவிட்டு 4:38க்கு ஓடுங்கள். 6:40 பேஸில் அது கிடைத்துவிடும். போய்விட்ட நேரத்தைத் துரத்துபவருக்குத்தான் 36இல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பிடிப்புக்கு உப்பு மட்டும் காரணமில்லை, பழகாத வேகத்தில் களைத்த தசையும்தான். பிடித்தால் நின்று, பாதத்தை மேல்நோக்கி வைத்து 20, 30 விநாடி நீட்டுங்கள். பிறகு கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாகத் தொடங்குங்கள், அடியைச் சிறிதாக்குங்கள். வலி மாத்திரை மட்டும் வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் இபுப்ரோஃபென் வகையறா சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

வெயிலில் ஓடும்போது மயிர்க்கூச்செறிந்து குளிர்வது, தலை சுற்றுவது, பக்கத்தில் ஓடுபவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது – இவற்றில் எது வந்தாலும் பேஸ் பேச்சே கிடையாது. நின்று, நிழலுக்குப் போய், மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். குழம்பிப்போனவருக்குத் தன் நிலை தெரியாது, ஆகவே பக்கத்தில் ஓடுபவர்தான் நிறுத்த வேண்டும்.

பேசரோடு ஓடுவதானால்

குறித்த நேரத்தில் முடிக்கும்படி ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர் பேசர். 4:30 கொடி பிடித்த பேசரோடு சேர்ந்துகொள்வது நல்ல வழி, மூன்று கேள்வி கேட்ட பிறகு. சமமான பேஸா, முன்பாதி வேகமா? தண்ணீர் மேசையில் நடப்பாரா? அவர் கணக்கு தொடக்க வேட்டிலிருந்தா, சிப்பிலிருந்தா? கோட்டைக் கடக்க உங்களுக்கு அவரைவிட மூன்று நிமிடம் தாமதமானால், அவரை எட்டிப் பிடிப்பதிலேயே முதல் பத்து கிலோமீட்டர் கெட்டுவிடும். கொடிக்கு ஒட்டினாற்போல் ஓடாமல் 10, 15 மீட்டர் தள்ளி ஓடுங்கள், மேசையில் நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். 10 கி.மீ.யை 1:01இல் கடத்துகிற பேசரை அங்கேயே விட்டுவிடலாம், கொடியில் என்ன எழுதியிருந்தாலும்.

ஓடி நடப்பது

அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் காலோவே பிரபலப்படுத்திய இந்த முறையை ஏளனம் செய்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 4 நிமிடம் 6:00 பேஸில் ஓடி, 1 நிமிடம் 10:00 பேஸில் நடந்தால் ஐந்து நிமிடத்தில் 767 மீட்டர், சராசரி 6:31. முழு மாரத்தானுக்கு 4:35. ஒரே நிபந்தனை, முதல் நடை ஐந்தாவது நிமிடத்திலேயே வர வேண்டும். 28இல் களைத்த பிறகு ஆரம்பிக்கும் நடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நடக்கும்போது சாலையின் ஓரத்துக்கு வந்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடங்கள். நடுச்சாலையில் திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் மேலே விழுவார்.

அரை மாரத்தான், 10 கே

அரை மாரத்தானில் தவறு செய்ய இடம் கொஞ்சம் அதிகம். கிளைகோஜன் தீர்ந்துபோகும் கவலை பெரிதாக இல்லை. முதல் 3 கி.மீ. இலக்கைவிட 8 விநாடி மெதுவாக, 16 வரை இலக்கு பேஸ், அதற்கு மேல் மிச்சம் இருப்பதைச் செலவழிக்கலாம். 2:15க்கு 6:24, 2:00க்கு 5:41. மகாராஷ்டிராவின் சாதாராவில் நடக்கும் மலை அரை மாரத்தான் போல முன்பாதி ஏற்றமும் பின்பாதி இறக்கமுமான பாதையில் இந்த எண்கள் எதுவும் உதவாது, மூச்சை மட்டும் பார்த்து ஏறுங்கள்.

10 கே.யில் முதல் கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு மணி நேர இலக்குக்கு அது 6:05 வர வேண்டும், வருவதோ 5:25. கவனம் சிதறி வேகம் விழுவது 7, 8ஆவது கிலோமீட்டரில். அங்கே முன்னால் ஓடும் ஒருவரின் முதுகைப் பார்த்து அவரை விடாமல் போங்கள், 9ஆவது பலகைக்குப் பிறகு தாண்டலாம்.